மூணு அடுக்குத் தோல்

கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்கிற சங்கதி இல்லை இது.

மரக்கடைக்காரர் பரணில் கிடந்த வில்லைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு தோல் கடைக்கு வந்தார். கடைக்கார அக்கா ஏதோ ஒரு பெண்ணின் தேய்ந்த இடது கால் ஷூவை மடியில் வைத்து, அடித்தோலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பு உட்கார்ற படியில தோல் தேஞ்சு போச்சு அக்கா. சாயங்காலத்துக்குள்ள ஒட்டிக் குடுங்க."

"தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு இந்த வில்லை! இப்ப யாரோட போட்டி?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கம்மா வாதத்துல படுத்து ரெண்டு வருஷம். கை தூக்க வராது, பேச்சும் இல்ல. பத்து நாளா, காலையில எழுந்து பார்த்தா, தலை சீவி அழகாப் பின்னியிருக்கு."

"உங்க சம்சாரம் பின்னியிருப்பா, தம்பி."

"அவ என்னைக் கேக்கறா, 'நீங்களா பின்னினீங்க'ன்னு."

அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து விடியும்போது பார்த்துட்டேன். பனிக்குள்ள வெள்ளையா ஒண்ணு. ஜன்னல் வழியா ரெண்டு கை மட்டும் உள்ளே போகுது. அம்மா முடிக்குள்ள விரல் ஓடுது. அம்மா கண்ணை மூடிக்கிட்டு சிரிக்கறாங்க. அப்புறம் அது இடது காலை இழுத்து இழுத்து நடந்து, பனியோட பனியாப் போயிடுச்சு. மண்ணுல பார்த்தேன். ஒரு காலடி, ஒரு கோடு. ஒரு காலடி, ஒரு கோடு."

அக்கா கையிலிருந்த ஊசி நின்றது.

"உங்க வீட்டுல சின்ன வயசுல யாராவது போயிட்டாங்களா?"

"தங்கச்சி ஒருத்தி. செத்து ஏழு வருஷம் ஆச்சு." சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்துச் சொன்னார். "அம்மாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வருது. விடமாட்டேன்."

"எங்கேருந்து அடிப்பீங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாலிருந்து. அது விறகுக் கொட்டகைக் கதவைத் தாண்டித்தான் போகும். முப்பது தப்படி இருக்கும்."

"குறி?"

"தலைக்குத்தான். வேற எங்க அடிச்சாலும் அதுக்கு வலிக்கவா போகுது?"

அக்கா ஷூவை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். ஷூவுக்காக எடுத்து வைத்திருந்த பழுப்புத் தோலில் ஒரு துண்டு வெட்டிப் படியில் ஒட்டினாள். யோசித்தாள். அதன்மேல் இன்னொன்று. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மூன்றாவதும்.

"படி உசரமா இருக்கே அக்கா?"

"தேஞ்சு போனதைப் பார்த்துப் பழகின கண்ணு உங்களுக்கு. பசை காயணும். விடியற வரைக்கும் நாணை இழுக்காதீங்க, பிஞ்சுக்கும்."

மறுநாள் விடியும் நேரம். தொட்டிக்குப் பின்னால் மரக்கடைக்காரர். நேற்றைவிடக் கெட்டியான பனி.

முதலில் சத்தம்தான் வந்தது. ஒரு காலடி, ஒரு இழுப்பு. ஜன்னலருகே நின்றது. வெகுநேரம் நின்றது. உள்ளே அம்மாவின் தொண்டையிலிருந்து, ரெண்டு வருஷமாகக் கேட்காத ஒரு சின்னக் குரல். பிறகு மறுபடியும் காலடி, இழுப்பு.

கொட்டகைக் கதவுக்கு நேராக வெள்ளை வந்தது. தலைக்குக் குறி வைத்து அம்பை விட்டார்.

டக்.

அம்பு அதன் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே கதவில் குத்தி ஆடியது. அது ஓடவில்லை. நின்று, மெல்லத் திரும்பி, போர்வையைத் தலையிலிருந்து இறக்கியது.

"அண்ணா" என்றது. "செத்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னது போதாதா?"

ஒரு கையில் சீப்பு. சீப்பில் நரைமுடி. வெறுங்கால்; இடது கால் குட்டையாக, கணுக்காலுக்கு மேலே பெரிய தழும்பு. அந்தக் கால் எப்போது உடைந்தது என்று அவருக்குத் தெரியாது. பிடித்தவனோடு போய்விட்டாள் என்று, ஏழு வருஷமாக அவளைச் செத்தவள் கணக்கில் வைத்து, சொல்லிச் சொல்லித் தானே அதை நம்பியும் போனவருக்கு எப்படித் தெரியும்?

தோல் கடை திறப்பதற்கு முன்பே அவர் போய்க் கதவைத் தட்டினார். வில் இன்னும் கையில் இருந்தது.

"ஒரு சாண் மேல போச்சு அக்கா. என் அம்பு அப்படிப் போனதே இல்ல."

"போகும். படி உசந்தா அம்பு மூக்கைத் தூக்கிக்கும்."

அவர் அவளையே பார்த்தார். "தெரிஞ்சுதான் ஒட்டினீங்களா?"

"முடியாதுன்னு அனுப்பியிருந்தா அடுத்த கடைக்குப் போயிருப்பீங்க. அவன் ஒழுங்கா ஒட்டிக் குடுத்திருப்பான்."

"அது என் தங்கச்சிதான்னு சொல்லியிருக்கலாமே."

"ஜன்னலை அடைச்சிருப்பீங்க."

அவர் வில்லின் படியை விரலால் தடவினார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஒருவேளை பட்டிருந்தா?"

"அந்தப் பயத்துலதான் அவகிட்டயும் போய்ச் சொன்னேன், நாளைக்கு ஒரு நாள் போகாதேன்னு. 'அம்மா தலை சிக்கு விழுந்துடும் அக்கா'ன்னுட்டா. நான் ராத்திரி பூரா தூங்கல."

அக்கா வில்லை வாங்கிப் படியில் கத்தியைக் கொடுத்து நெம்பினாள். மூன்று துண்டுத் தோலும் பலகையில் விழுந்தன. பக்கத்தில் அந்த இடது கால் ஷூ இருந்தது. அதன் அடியிலும் அதே பழுப்புத் தோல், மூணு அடுக்கு.

வில்லைத் தன் சுவரில், பெல்ட்டுகளுக்குப் பின்னால் மாட்டினாள். ஷூவை எடுத்துத் துணியால் துடைத்து, காலியாக இருந்த அவர் கையில் வைத்தாள்.