ஒரு வாய் கீரை

மதியச் சந்தடி அடங்கிய பேக்கரியின் பின்னறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அவள் கீரை தின்றுகொண்டிருந்தாள்.

ஜன்னல் வெயிலில் மாவுத்தூசி மிதந்தது. மேலேயும் போகாமல், கீழேயும் இறங்காமல், பொழுதே நின்றுவிட்டதைப் போல.

கேக்குக்கு கிரீம் பூசுவது அவள் வேலை. சதுரமாக்குவதற்காக நறுக்கித் தள்ளும் ஓரங்களெல்லாம் இத்தனை வருஷமாக அவள் வாய்க்குத்தான் போயின. எடுப்பது கைக்குத் தெரியாது, தின்பது வாய்க்குத் தெரியாது.

இன்று அந்த ஓரங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. வாசனை வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

"என்னக்கா, மறுபடியும் மேய்ச்சலா?" என்று அடுப்பருகில் இருந்த ரொட்டிக்காரன் சிரித்தான்.

அவளும் சிரித்தாள்.

மறுபடியும் என்று அவன் சொன்னதில் தப்பில்லை. இறுகிப்போன சட்டைக்காக ஒரு தரம், நாத்தனார் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு தரம் என்று எத்தனையோ முறை பட்டினி கிடந்தவள்தான். பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். பொழுது சாய்ந்ததும் எல்லாம் காற்றில் பறந்துவிடும். வயிறுமுட்டத் தின்றுவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு படுப்பாள்.

இந்த முறை சண்டையே இல்லை. யார் மேலும் கோபமில்லை, தன் மேலும்கூட.

நிதானமாக மென்றாள். முதலில் லேசான கசப்பு, அதற்கடியில் மெல்லிய இனிப்பு. கீரைக்குள் இப்படியொரு இனிப்பு ஒளிந்திருப்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

அந்தப் பச்சை தொண்டையில் இறங்கி, வலது விலாவுக்குக் கீழே போய், சின்ன விளக்கு மாதிரி எரிவதாகத் தோன்றியது. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல அங்கே கை வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வாய். இன்னும் ஒரே ஒரு வாய்.

போன் அடித்தது. தம்பி.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசும்போது அவன் குரல் எப்போதும் தேய்ந்துதான் வரும். இன்று தடுக்கித் தடுக்கி ஓடி வந்தது.

"அக்கா, உன் ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சு. அன்னிக்கு முடியவே முடியாதுன்னாங்களே... இப்போ உன் கல்லீரல்ல இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சிடுச்சாம். கல்லீரல்ல பாதியை எடுத்து எனக்கு வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

அவள் கை மறுபடியும் விலாவுக்குக் கீழே போயிற்று.

என்னென்னவோ சொல்ல நினைத்தாள். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"நீ சாப்டியாடா?"