நாலாம் அதிபருக்கு நன்றி

செத்துப்போன அதிபர்களின் மூளைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தபடியே உத்தரவு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெட்டிகளைத் துடைக்கும் மங்கையர்க்கரசியின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு போகிறது. அதை நிரந்தரமாக்க ஓர் அதிபராவது மனது வைக்க வேண்டும்.

நாலாம் அதிபரிடம் கெஞ்சினாள்.

"முடியாதும்மா. எனக்குப் பின்னால வந்தான் பாரு ஒரு கோமாளி, அவன்கிட்ட கேளு!"

ஐந்தாம் அதிபரோ முக்கால் மணி நேரம் தம் சாதனைகளைப் பேசினாரே தவிர, அவள் நீட்டிய மனுவைப் பார்க்கவில்லை. அவள் மனுவை மடித்துக்கொண்டாள்.

"நாலாவது ஐயாவும் முடியாதுன்னுட்டாருங்க," என்றாள்.

"யாரு, அந்த மண்ணாங்கட்டியா முடியாதுன்னான்? இந்தா, உன் வேலை நிரந்தரம்!"

பெட்டியிலிருந்து வந்த உத்தரவை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் நேரே நாலாம் அதிபரிடம் வந்து கைகூப்பினாள்.

"முடியாதுன்னு சொன்னீங்களே, மகராசனா இருங்க ஐயா!"