தோரணத்தில் இன்னொரு கொடி

அகதிகளுக்கு ஒதுக்கிய ஒற்றை அறையின் தரையெல்லாம் வண்ணக் காகிதத் துண்டுகள். நாளை இந்த நாட்டின் சுதந்திர நாள். பள்ளிக்குக் கொடித் தோரணம் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டுகிறாள், அம்மா நூலில் ஒட்டுகிறாள். ஜன்னல் வழியே வந்த வெயில் பசைக் கிண்ணத்தில் மினுங்குகிறது. "அம்மா, நாம விட்டுட்டு வந்த நாட்டுக்கும் கொடி இருக்குல்ல? அது எப்படி இருக்கும்? அதையும் ஒண்ணு செய்யலாம்னு டீச்சர் சொன்னாங்க." அம்மாவின் விரல் பசையிலேயே நிற்கிறது. அந்தக் கொடி கட்டிய லாரியில்தான் அவள் கணவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அது படபடத்துக்கொண்டே இருந்தது. அவன் திரும்பி வரவில்லை. "மறந்துபோச்சுடா கண்ணு." "போம்மா, உனக்கு எல்லாமே மறந்துடும். அப்பாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்? அதாவது ஞாபகம் இருக்கா?" கேள்வி முடிவதற்குள், "நீலம்" என்கிறாள் அம்மா. மகள் நீலத்தாளில் ஒரு கொடி வெட்டி, "நடுவுல ஒட்டும்மா" என்று நீட்டுகிறாள். கொஞ்சமும் கசங்காத அந்தத் தாளை அம்மா மடியில் வைத்து உள்ளங்கையால் நீவுகிறாள், நீவிக்கொண்டே இருக்கிறாள்.