மறுப்புக்குக் காரணம்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றதும் செல்லியின் போனில் டவர் வந்துவிட்டது. மணி நாலு நாற்பது.

ஐந்து மணிக்குள் மறுப்பை எழுதிப் போட்டாக வேண்டும்.

முன்மொழிவு வந்து மூன்று நாளாகிறது. பார்த்தாள், பதில் எழுத உட்கார்ந்தாள், அதற்குள் வத்தல்மலையில் டவர் செத்துவிட்டது. சாமை அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு புருஷன் பெரியண்ணன் இன்றைக்குத்தான் வண்டியை எடுத்தான்.

தர்மபுரி கட்டற்ற மென்பொருள் குழுவின் விதி ரொம்ப எளிது. ஒருவர் ஒரு யோசனை சொல்வார். மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலும் சம்மதம்தான்.

மறுப்பவர் மட்டும் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது.

இந்தத் தடவை யோசனை சொன்னவர் குழுவை நடத்தும் மாதவராஜ். இந்த வருஷத்து விளம்பர நிதி முழுவதையும் போட்டு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி நல்லம்பள்ளி, இண்டூர் வரைக்கும் பெரிய பெரிய பிளக்ஸ். மேலே செல்லி என்று பெயர். கீழே, ‘மலைமகள் தந்த தமிழ்ச் சொற்கள்’. நடுவில் ஆளுயரத்துக்குச் சிரித்த முகமாய் ஒரு படம்.

பெயர் போடுவதற்கு நியாயம் இருக்கிறது. குழுவின் பிழைதிருத்தி முன்பெல்லாம் சாமை என்று அடித்தால் சிவப்புக் கோடு போடும். பனிவரகு என்றால் இரண்டு கோடு போடாத குறைதான். அதற்குள் சொல் சொல்லாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் செல்லி. நான்கு வருஷம், மாட்டு வேலை காட்டு வேலை போக மிஞ்சிய நேரத்தில். கூலி கிடையாது. அவள் கேட்டதும் இல்லை.

அதற்குள் பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்திவிட்டார்கள். முத்துராஜ் மூன்று இதயம் போட்டிருந்தார். மேனகா, “செல்லியப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சுங்க” என்று எழுதியிருந்தார்.

எல்லாரும் நல்ல மனுஷர்கள். அதுதான் வம்பே.

செல்லி எழுதத் தொடங்கினாள். ‘பிளக்ஸ் ஒரு மழைக்குத் தாங்காது. இதே நிதியில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மென்பொருளை நிறுவித் தரலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லித் தரலாம்.’

படித்துப் பார்த்தாள். வாஸ்தவம்தான். போன வருஷம் டீ சர்ட், அதற்கு முந்தின வருஷம் சாவிக்கொத்து. சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டு எந்தப் புண்ணியவான் மென்பொருளை இறக்கினான்? இதையே அவள் போன வருஷமும் எழுதினாள். “அடுத்த தடவை பாக்கலாம்ங்க” என்றார் மாதவராஜ்.

ஆனால் மூன்று நாளாக அவளைச் சோறு தின்ன விடாமல் அரித்தது இது இல்லை. அழித்தாள்.

‘எனக்கு விளம்பரம் பிடிக்காது’ என்று எழுதினாள்.

சுத்தப் பொய். பஸ் ஸ்டாண்டில் தன் முகம் அவ்வளவு உயரத்துக்கு நிற்பதை நினைத்தால் அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. அதையும் அழித்தாள்.

நாலு ஐம்பத்து மூன்று. பெரியண்ணன் வண்டியில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருமையாத்தான போடறாங்க, அதுக்கெதுக்கு புள்ள இந்தப் பாடு? எங்க, அந்தப் படத்தக் காட்டு, நானும் பாக்கறேன்.”

மூன்று நாளாக அவனுக்கு அவள் காட்டவில்லை. இப்போது போனை நீட்டினாள்.

அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அட, இது நம்ம முனியம்மாக்கா! நெல்லிக்காக் கூடையும் அதுவுமா! ஏம்புள்ள, நீ எங்க?”

செல்லியும் போயிருந்த குழுப் பயிற்சி நல்லம்பள்ளியில் நடந்த அன்று முனியம்மாள் வாசலில் நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். ‘வாங்கம்மா, நீங்களும் நில்லுங்க’ என்று மாதவராஜ்தான் அவளையும் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார். இப்போது அந்தப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். மலைமகள் என்றால் எப்படி இருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

செல்லி படத்தின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு பச்சைச் சுடிதாரின் பாதித் தோள் இருந்தது.

பெரியண்ணனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

செல்லி மளமளவென்று தட்டினாள். மணி நாலு ஐம்பத்தெட்டு. இந்தத் தடவை அவள் எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, அனுப்பிவிட்டாள்.

‘மறுக்கிறேன். காரணம்: படத்தில் இருப்பவர் முனியம்மாள். மேனகா அக்கா, பயிற்சி அன்றைக்கு மத்தியானம் உங்கள் இலைக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டது நான்.’