நாலு மூடி மருந்து

“நம்ம கடலையைத் தோண்டுறது ஹாஜராக்காதான்” என்று ஒச்சப்பன் முடிவுகட்டிவிட்டான்.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்குப் பின்னால் ஒரு துண்டு மணல். மூட்டை தூக்கும் ஒச்சப்பன் முதலாளியிடம் கேட்டு வாங்கி அதில் நிலக்கடலை போட்டிருந்தான். கொஞ்ச நாளாக, காலையில் எழுந்து பார்த்தால் செடிகளின் தூரில் மண் கிளறிக் கிடக்கிறது. யாரோ தோண்டிவிட்டு மூடின மாதிரி.

முன்பு அங்கே சுக்கு காயப்போட்டவள் பக்கத்து வீட்டு ஹாஜரா. இடம் போன வயிற்றெரிச்சல் இருக்காதா?

ஒச்சப்பனுக்கோ கடலையோடு குடித்தனமும் போய்விடும். உசிலம்பட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வீரலட்சுமி, வந்த நாள் முதல் ஒரே பாட்டு.

“சுத்திவரத் தண்ணி, அம்புட்டும் உப்பு. நம்ம செடி ஒண்ணு இங்க காய்க்கட்டும், இருக்கேன். இல்லேன்னா என்னைய பஸ் ஏத்தி விட்டுருங்க.”

அதற்காகவே எர்ணாகுளம் போய் வளர்ச்சி ஊக்கி மருந்து வாங்கி வந்தான். பூக்கிற சமயம், ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்றார் கடைக்காரர். மூட்டை தூக்குகிறவன் கணக்கு வேறு. ஒரு மூடிக்கு ஒரு மூட்டை என்றால் நாலு மூடிக்கு நாலு மூட்டை. நாலையும் ஊற்றித் தெளித்தான்.

செடி முழங்காலுக்கு வளர்ந்தது. மத்தியானம் மிளகுச் சாக்கில் தலைசாய்த்தால், மணலுக்கடியில் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பருக்கிற சத்தம் அவனுக்குக் கேட்கும். காயல் தண்ணீர் மேலிருந்து காற்று வீசும். வீரலட்சுமி மடி நிறையக் கடலையோடு சிரிப்பாள். கண் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று மூடியே கிடப்பான்.

இன்றைக்கு விடியும்போதே எழுந்து போனான். காயல் பனி இன்னும் விலகவில்லை. செடிகளுக்கு நடுவில் ஹாஜரா, கையெல்லாம் மணல்.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா அக்கா?”

ஹாஜரா கோபிக்கவில்லை. ஒரு செடியை விலக்கிக் காட்டினாள்.

“நோக்கு தம்பி. ஊசி ஊசியா தொங்குதே, இது மண்ணுல இறங்கினாத்தான் காய். நீ மருந்தைக் கூட்டி ஊத்தி, செடியை ஆகாசத்துக்கு ஏத்திட்டே. இது எங்க மண்ணைத் தொடும்? அதான் மண்ணை மேலே கூட்டி அணைக்கிறது.”

ஒச்சப்பன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு தூரிலும் மணல் மேடு. அதற்குள் ஊசிகள் இறங்கி, நுனியில் பிஞ்சு. அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

“தப்பா நெனச்சுட்டேன்க்கா. எங்களுக்காகவா தினமும்...”

“நானா? நீங்க போனா எனக்கு சுக்குப் போட இடம் கிட்டும். இன்னிக்குத்தான் பாவம்னு ஒரு கை பிடிச்சேன்.”

அப்போது கிடங்கு மூலையைத் திரும்பி, தலையில் மணல் கூடையோடு வந்தாள் வீரலட்சுமி. புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“நீயா?” என்றான் ஒச்சப்பன்.

“என்ன செய்யச் சொல்றீங்க? காய்க்கலேன்னா போயிருவேன்னு வாய்விட்டுச் சொல்லித் தொலைச்சுட்டேனே” என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.