மொதலாளி லைன்ல கீறாரு

ஆத்தங்கரை லாட்ஜுன்னு சொன்னதுமே சேரை இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டீங்க. இன்னா, பேய்க் கதையா? இல்ல, வூட்டுக்குத் தெரியாம ஓடியாந்த ஜோடியா?

ஒண்ணும் கெடையாது. இது ஒரு சமையக்காரம்மாவுக்கு ரெண்டு நாள் லீவு கெடைச்ச கதை. எழுந்து போறவங்க இப்பவே போய்டுங்க.

எங்களுக்கு வூடு மலைக்குக் கீழ சந்தவாசல்ல. ஆடி பொறந்து ஆத்துல தண்ணி வந்துட்டா, வூட்டப் பூட்டிட்டு ஜவ்வாது மலை ஏறிடுவோம். மேல நாலு ரூமு லாட்ஜு. தை பொறந்தாதான் எறக்கம். அதுவரைக்கும் நான் வாட்ச்மேன் ராஜாக்கண்ணு. எம் பொண்டாட்டி வடிவு, சமையக்காரம்மா.

மொதலாளியா? கோபால்சாமின்னு ஒருத்தர், மெட்ராஸ்ல கீறாரு. போர்டுல நம்பர் போட்டிருக்கும்.

அந்த ஃபோனு என் டவுசர் பாக்கெட்ல இருக்கும்.

மொதலாளி நான்தான்னு சொல்லிப் பாருங்க, சுடுதண்ணி வரலன்னு விடியக்காலைல கதவ ஒடைப்பாங்க. வாட்ச்மேன்னா, "பாவம், நீ இன்னா பண்ணுவே"ன்னு தோள்ல தட்டிட்டுப் போய்டுவாங்க. ஃபோன் அடிச்சா தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஓடி, எங்க மாமனார் கொரல்ல பேசுவேன். வெத்தல போட்ட கொரல். நடுவுல ரெண்டு இருமல்.

போன ஐப்பசில ஒருநாள் காலைல வடிவு கேட்டா. "வெள்ளிக்கெழம திருப்பத்தூர்ல என் தம்பி மவளுக்குக் காதுகுத்து. ரெண்டு நாள் போய்ட்டு வர்றேன்."

"சீசன்ல எங்கடி போறது? அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் அவ காத நீ குத்துவியா?"

அன்னிக்குத்தான் வெற்றிவேல் சார் வந்து எறங்கனாரு. ஃபாக்டரி யூனியன்ல முப்பது வருஷம் தலைவராம். அவரு சம்சாரம் சகுந்தலாம்மா வந்ததும் ஆத்துல காலை விட்டுப் பாறை மேல ஒக்காந்தவங்கதான், எழுந்துக்கவே இல்ல. டீ குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கி, கிளாஸையே பாத்துகினு இருந்தாங்க. சோறும் அங்கியேதான்.

சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் கொழம்பும் தின்னுட்டு, சார் கேட்டாரு. "ஏம்மா, ஒனக்கு வாரத்துல எத்தினி நாள் லீவு?"

"லீவுன்னா இன்னாங்க?"

"சும்மா சொல்லும்மா. மாசத்துல?"

"பதினாறு வருசமா சீசன்ல முழுசா ஒருநாள் கூட இல்லீங்க. காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக்குவேன். எனக்கும் சேத்து, எல்லாருக்கும்."

சாருக்கு மூக்கு செவந்துடுச்சி. "வாட்ச்மேன்! ஒங்க மொதலாளி மனுசனா, மிருகமா?"

"மிருகந்தான் சார்"னேன். வேற இன்னா சொல்றது?

சார் போர்டப் பாத்து நம்பரப் போட்டாரு. எனக்குப் பாக்கெட் கிடுகிடுன்னு ஆடுது.

"மோட்டார நிறுத்திட்டு வந்துடறேன் சார்!"

டேங்குக்குப் பின்னாடி போய், ஒரு இருமல் போட்டேன். "அல்லோ, கோபால்சாமி பேசறேன்."

"தொழிலாளி வயித்தெரிச்சல் சும்மா வுடாதுய்யா! நாளைக்கே நூறு பேரோட ஒன் கேட்டு முன்னாடி குந்துவேன்!"

எங்க லாட்ஜுக்கு கேட்டே கெடையாது. அத அப்ப சொல்ல முடியுமா?

"இந்தா, ஒன் சமையக்காரம்மாகிட்டயே பேசு!"

சாரு ஸ்பீக்கரப் போட்டுக் குடுக்க, வடிவு ஃபோன வாங்கனா. அவங்கப்பா கொரலு, அவ புருசன் வாயி. தெரிஞ்சிகினே ஆரம்பிச்சா பாருங்க.

"மொதலாளி, ரெண்டு நாள் லீவு வேணும். இங்க ஒரு வாட்ச்மேன் கீறான். அவன்கிட்ட கேட்டா அடுத்த வருசம், அடுத்த வருசம்ங்கறான். எங்கம்மா செத்ததுக்கே மூணாம் நாள்தான் போனேன் மொதலாளி. அன்னிக்கும் ரூம் ஃபுல்லுன்னான்."

இருமல் வரல எனக்கு.

"கேக்குதா மொதலாளி?"

"கேக்குதும்மா."

"அவன வேலைய வுட்டுத் தூக்கிடுங்க."

"அது... ஆள் கெடைக்காதும்மா. நீ லீவு எடுத்துக்கோ. ரெண்டு நாள் இல்ல, நாலு நாளு."

கொரலு பாதில என்னுதா மாறிடுச்சி. நல்லவேள, சாரு கை தட்டிகினு இருந்தாரு.

நான் மூச்சு வாங்க ஓடியாந்தேன். "இன்னா ஆச்சு சார்?"

"சாதிச்சிட்டோம்யா! நாலு நாள் லீவு! போராடுனாதான்யா கெடைக்கும்!"

வடிவு உள்ள போனா, பையோட வெளிய வந்தா. பை காலைலயே கட்டி வெச்சிருந்தா போலிருக்கு. சாரு வந்த ஜீப்பு சும்மாதான் நிக்குதுன்னு, டிரைவர் காசியவே கொண்டுபோய் வுடச் சொன்னாரு. வடிவு முன்சீட்ல ஏறி ஒக்காந்து, "வர்றேன் வாட்ச்மேன்"னா.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சது. "சார், ராத்திரி சமையலு? எனக்கு சுடுதண்ணி கூட வெக்கத் தெரியாதே."

"ப்பூ, இது ஒரு பிரச்சனையா?" சாரு ஆத்துப் பக்கம் திரும்பிக் கைய ஆட்டனாரு. "சகுந்தலா! போதும், காலத் தொடச்சிகினு வா. அடுப்பு எங்க கீதுன்னு பாரு. நாலு நாளைக்கு நீ பாத்துக்கோ!"

அந்தம்மா தண்ணிலேர்ந்து ஒரு கால எடுத்தாங்க. இன்னொரு கால எடுக்கல.

ஜீப்ப ஸ்டார்ட் பண்ணப்போன காசி தலைய வெளிய நீட்டுனான்.

"சார், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல இன்னிக்குத்தான் எனக்கு மொத லீவுன்னு மலையேறும்போது அம்மா சொல்லிகினே வந்தாங்களே... நீங்க தூங்கிட்டீங்களா?"