செவலையின் கடைசிப் பக்கம்

கோடை விடுமுறையில் குட்டிகள் படிக்க வேண்டும் என்று காட்டு நூலகத்தில் வாசிப்பு முகாம் தொடங்கினார்கள். நூலகர் ஆமை, செவலை என்ற ஆட்டுக்குட்டிக்கு ஒரு புத்தகம் கொடுத்தது. ஆற்றோடு போய்விட்ட ஓர் ஓணானின் கதை அது.

மேய்ச்சலுக்குப் போன இடத்திலும் செவலை புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "படிச்சது போதும், புல்லைத் தின்னு" என்று தாய் ஆடு சொன்னதெல்லாம் அதன் காதில் ஏறவே இல்லை. ஒருவழியாகப் படித்து முடித்து அது தூங்கியதும், தாய் ஆடு எரிச்சலில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தின்றுவிட்டது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாயும் கூடவே போனது. மகளை முகாமிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயம்.

"கடைசிப் பக்கத்தை நான்தான் தின்னுட்டேன்" என்று ஆமையிடம் சொன்னது.

ஆமை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செவலையிடம் கேட்டது. "முடிவு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ தினமும் வந்து இங்கே உட்காரு. படிச்சு முடிக்கிறவங்க உன்கிட்ட வந்து முடிவைக் கேட்டுக்கட்டும்."

முயல்குட்டி படித்துவிட்டு வந்து கேட்டது. கீரிக்குட்டியும் கேட்டது. முடிவைக் கேட்பதற்காகவே பல குட்டிகள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போயின.

கோடை முடியும் சமயத்தில் தாய் ஆடு வந்து நின்றது.

"அந்த ஓணான் பிழைச்சுதா?"

"நீதானேம்மா அந்தப் பக்கத்தைத் தின்னே?"

"தின்னேன். படிக்கலையே."

செவலை புத்தகத்தை எடுத்து நீட்டியது. "முதல்லேர்ந்து படிச்சுட்டு வா, சொல்றேன்."

தாய் ஆடு புத்தகத்தோடு ஒரு மூலையில் போய்ப் படுத்தது. அந்தக் கதையை இன்னும் படிக்காத ஆமையும் மெதுவாக நகர்ந்து வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.